பிக்கப் வண்டிக்கு ஸ்டெப்னி: சுமையா? துணையா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், பாகூர்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் ராக்கெட், ரோபோ, மின்சாரக் கார் என்று ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் பக்கத்து வண்டி. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் தெருவுக்கு இரண்டாவது நிற்கும் சின்ன பிக்கப் வண்டி. 'குட்டி யானை' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் அப்பா அதை ஓட்டித்தான் என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் வண்டியில் எந்தச் சந்தேகம் வந்தாலும், "நீதானே படிக்கிற, சொல்லு" என்று என்னிடம்தான் வரும். அப்படி வந்த கேள்விதான் இது: பிக்கப்பில் ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டே ஓட வேண்டுமா, வீட்டில் இறக்கி வைத்துவிடலாமா?

இது என்ன பெரிய கேள்வி என்று சிரிக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஐந்து பிக்கப் இருக்கிறது. நான் குனிந்து பார்த்தபோது மூன்றில் ஸ்டெப்னி இல்லை. ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது, ஒன்று விற்றாகிவிட்டது, ஒன்று திருட்டுப் போனது. ஓட்டுகிறவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. அவர்கள் சொல்லும் காரணங்களை முதலில் கேட்போம். "பாகூர்லேர்ந்து பாண்டி இருபது கிலோமீட்டர், இதுக்கு எதுக்கு ஸ்டெப்னி?" "அந்த எடைக்கு ஒரு வாழைத்தார் கூட ஏத்துவேன்." "பஞ்சர் ஆனா ஒரு ஃபோன் அடிச்சா ஆள் வந்துடப் போறான்." "அடியில தொங்கவிட்டா ராத்திரியில கழட்டிக்கினு போயிடறான்." நான்கும் அனுபவத்திலிருந்து வந்த காரணங்கள். ஆகவே ஒவ்வொன்றையும் மரியாதையோடுதான் பார்க்க வேண்டும்.

அதற்குமுன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெப்னி என்பது ஏதோ தொழில்நுட்பச் சொல் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு தெருவின் பெயர்! பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்றொரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு மாற்றுச் சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து மோட்டார் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தன. பஞ்சர் ஆனால் வழியிலேயே டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்தது, காற்று அடித்த டயர் பூட்டிய, ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இதைப் பிடிபோட்டு இறுக்கிவிட்டு ஓட்டிப் போகலாம். பிற்காலத்தில் சக்கரத்தையே கழற்றி மாட்டும் வசதி வந்ததும் அந்த வளையம் மறைந்துபோனது. பெயர் மட்டும் கப்பலேறி வந்து நம் நாட்டில் தங்கிவிட்டது. எங்கள் கிரிக்கெட் டீமில் பன்னிரண்டாவது ஆளுக்கும் அதுதான் பெயர்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எடைதான் முதல் காரணமாகச் சொல்லப்படுகிறது. டாடா ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. ஆரம்ப மாடலுக்கு 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின். ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. சக்கரம் 12 அங்குலம். எங்கள் வண்டி ஸ்டெப்னியை அரிசி மில் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தேன். 13 கிலோவும் கொஞ்சமும் காட்டியது. 750-ல் 13 என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஒரு வாழைத்தார் எடைதான், அப்பா சொன்னது சரி. ஆனால் அந்த ஒரு தாரில் கிடைக்கும் கூலி எவ்வளவு என்று அவரையே கணக்குப் போடச் சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "டீக்குக் கூட ஆவாதுடா" என்று சிரித்தார். டீசல் மிச்சம் என்றும் சிலர் சொல்கிறார்கள். முழு லோடில் ஒன்றரை டன்னைத் தாண்டும் வண்டியில் 13 கிலோ குறைவதால் மிச்சமாகும் டீசல் கண்ணுக்கே தெரியாது. அதைவிட நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து ஓட்டினால் அதிகம் மிச்சமாகும்.

அடுத்து, பிக்கப்பை லாரியோடும் காரோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை முடிவைச் சொல்வது இந்த இடம்தான். ஆறு சக்கர லாரியில் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் ஜோடியாக இருக்கும். ஒன்று போனாலும் பக்கத்து டயர் வண்டியைத் தாங்கும். அதற்கு அது நல்லதில்லை, சூடேறும். ஆனாலும் மெதுவாக உருட்டிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். காரில் ஜோடி கிடையாது, ஆனால் சுமையும் கிடையாது. ஆட்கள் இறங்கிவிட்டால் வண்டி லேசு. பிக்கப் இந்த இரண்டிலும் மோசமான பாதியை எடுத்துக்கொண்ட வண்டி. லாரியைப் போலச் சுமை ஏற்றுகிறோம், காரைப் போல நாலே டயரில். பின்பக்கம் ஒரு டயர் போனால் அந்த மூலையைத் தாங்க வேறு எதுவும் இல்லை. எங்கள் பக்கம் 750 கிலோவோடு யாரும் நிறுத்துவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். செங்கல், நெல் மூட்டை, கரும்பு, எதுவானாலும் 'இன்னும் கொஞ்சம்' என்று ஏறும். டயர் போகும் வாய்ப்பு அங்கேயே இரட்டிப்பாகிறது.

டயர் எதனால் போகிறது? ஆணி ஒன்றுதான் காரணம் என்று நினைக்கிறோம். எங்கள் வயல்வெளிப் பாதைகளில் வேலிகாத்தான் முள் இருக்கிறது. அறுத்த கரும்புக் கட்டை ஈட்டி மாதிரி நிற்கும். செங்கல் சூளைப் பாதையில் உடைந்த கல். இவற்றில் முள்ளும் ஆணியும் டயரின் தரையில் படும் பாகத்தில் குத்தும், அதை ஒட்டிவிடலாம். கரும்புக் கட்டையும் கல்லும் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பக்கச் சுவர் மெல்லியது, ஓடும்போது மடங்கி விரிவது. அங்கே போட்ட ஒட்டு நிற்காது. மூன்றாவது காரணம் காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்குகிறது, மடங்க மடங்கச் சூடாகிறது, சூடேறினால் ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூல் அடுக்குக்கும் உள்ள பிடிப்பு விடுகிறது. பிறகு 'டமார்'. சித்திரை வெயிலில் கடலூர் ரோட்டு ஓரம் கிடக்கும் டயர்த் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, பஞ்சர் கிட் போதாதா? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-ல் ஒரு திருத்தம் வந்தது. 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியில் ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தை டிரைவருக்குக் காட்டும் கருவி, பஞ்சர் அடைக்கும் கிட் ஆகியவை இருந்தால் மாற்று டயர் கட்டாயமில்லை என்பது அதன் சாரம். "கவர்மெண்டே வேணாம்னுட்டாங்க" என்று எங்கள் ஊரில் பரவியது இதன் பாதிதான். நிபந்தனையை யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஓடும் பழைய பிக்கப்களில் அழுத்தம் காட்டும் கருவி ஒன்றில்கூட இல்லை. பலவற்றில் இன்னும் ட்யூப் டயர்தான். ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், ஆணியே அடைப்பாக நின்று காற்று மெல்ல இறங்கும்; சில நேரம் மறுநாள் காலையில்தான் தெரியும். ட்யூபில் ஓட்டை விழுந்தால் காற்று ரிம் வழியாகச் சீக்கிரம் ஓடிவிடும். கிட்டில் உள்ள பசையும் தரை பாகத்துச் சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும். பக்கக் கிழிசலுக்கும் வெடித்த டயருக்கும் அது உதவாது. ஆகவே அந்தத் திருத்தம் நல்ல திருத்தம்தான், நம் வண்டிகளுக்கு எழுதப்பட்டதல்ல.

தூரத்தைப் பற்றிய காரணம் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானது. வில்லியனூரிலிருந்து பாண்டி பத்து கிலோமீட்டர், நடந்தே வந்துவிடலாம். ஆனால் வண்டி எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். வாழைத்தாரும் காய்கறியும் பெரிய மார்க்கெட்டுக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும். அப்பா கிளம்புவது மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எந்தப் பஞ்சர் கடைக்காரர் ஃபோன் எடுப்பார்? எடுத்தாலும், ட்யூப் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும்.

எங்கள் தெரு மாமா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முழுக்க வாழைத்தார் லோடு. கிருமாம்பாக்கம் தாண்டி, தவளக்குப்பம் வருவதற்குள் பின்பக்க இடது டயர் போய்விட்டது. ஸ்டெப்னி வீட்டில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில். இருட்டில் நடுரோட்டில் நிற்கப் பயந்து, முதல் கியரில் இரண்டு கிலோமீட்டர் உருட்டி, விளக்கு இருக்கும் இடத்தில் நிறுத்தினார். பயந்ததில் தப்பில்லை, அந்த ரோட்டில் பஸ் வருகிற வேகம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் காற்றில்லாத டயரைச் சுமையோடு உருட்டினால் ரிம்மே டயரை உள்ளிருந்து அறுக்கும். ஐம்பது மீட்டரில் ஒட்டக்கூடிய பஞ்சராக இருந்தது, இரண்டு கிலோமீட்டரில் குப்பையானது. டயர் போச்சு, ட்யூப் போச்சு, ரிம் விளிம்பு மடங்கிப்போச்சு. மாற்று வண்டி பிடித்து லோடை மாற்றிக்கொண்டு போனபோது ஏலம் முடிந்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். அந்த மாதம் அவருக்கு வண்டி டியூ கட்ட முடியவில்லை. எங்கள் வீட்டில் வண்டி டியூவும் என் பரீட்சைக் கட்டணமும் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. அதனால் அவர் கதையைக் கேட்ட அன்று எனக்கு வேறு மாதிரிதான் கேட்டது.

இனி திருட்டு. இதற்குப் படிப்பில் பதில் இல்லை, பூட்டில்தான் இருக்கிறது. எங்கள் ஸ்டெப்னியும் ஒருமுறை வாசலில் நின்ற வண்டியிலிருந்தே போனது. அதற்குப்பின் அப்பா ஒரு மொட்டை டயரை வாங்கி, அதையும் கொட்டகையில் போட்டு வைத்தார். ரிம்மின் ஓட்டை வழியாகச் சேஸிஸோடு சேர்த்து ஒரு சங்கிலி போட்டுப் பூட்டினால் சட்டென்று கழற்ற முடியாது. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். திருடனுக்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பூட்டுச் சாவி வண்டிச் சாவியோடு இருக்க வேண்டும் என்பது முக்கியம். சாவி வீட்டு மாடத்தில் இருந்தால் ஸ்டெப்னி இருந்தும் இல்லாத மாதிரி.

இருந்தும் இல்லாத ஸ்டெப்னி! நான் பார்த்த இரண்டு 'இருக்கிற' ஸ்டெப்னிகளும் அப்படித்தான் இருந்தன. ஒன்றில் காற்றே இல்லை, கையால் அமுக்கினால் உள்ளே போனது. இன்னொன்றைத் தாங்கும் போல்ட் துருப்பிடித்து, ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கியது. இதில் ஓட்டுகிறவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான பிக்கப்களில் ஸ்டெப்னி பின் பாடிக்கு அடியில் படுக்கைவாட்டில் தொங்குகிறது. வயல் சேறு எல்லாம் அதன்மேல்தான் அடிக்கும். வால்வு மேல்பக்கமாக இருந்துவிட்டால் காற்று பார்க்கவே கை நுழையாது. லோடோடு பின் டயர் இறங்கிவிட்டால் பாடியும் தாழ்ந்து, ஸ்டெப்னியை வெளியே இழுக்க இடமே இருக்காது. அதற்கு முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுத்தான் ஸ்டெப்னியை இறக்க வேண்டும். தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை மட்டும் விட வேண்டாம்.

ஆகவே என் முடிவை இப்படிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிக்கப்புக்கு ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும். ஆனால் கழற்ற முடிகிற, காற்றிருக்கிற, அதே அளவு ஸ்டெப்னியாக இருக்க வேண்டும். கவனிக்காத ஸ்டெப்னியை விட, இல்லை என்று தெரிந்து ஓட்டுவதே மேல். அப்போதாவது டிரைவர் முன்னேற்பாடோடு இருப்பார்.

மொட்டை டயரைப் போட்டு வைக்கலாமா என்பதிலும் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. விதிப்படி டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது ஒருபுறம் இருக்கட்டும். 12 அங்குலச் சக்கரத்தில் புது டயருக்கும் மொட்டைக்கும் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், அதாவது சுமார் நூற்றுக்கு இரண்டு. பின் ஆக்ஸிலில் ஒரு பக்கம் பெரியது, ஒரு பக்கம் சிறியது என்றால், நேர்ரோட்டிலும் இரண்டு சக்கரமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றாது. வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு கிலோமீட்டர் போய்ப் பஞ்சர் ஒட்டி மாற்றிவிடுவதானால் ஒன்றும் ஆகாது. நம் ஆட்களோ மாட்டியதைக் கழற்றுவதில்லை, "ஓடட்டும் பாத்துக்கலாம்" என்று ஒரு மாதம் ஓட்டுவார்கள். மழைக்காலத்தில் அந்த மொட்டை பிரேக் பிடிக்கும்போது வழுக்கும்.

பயன்படுத்தாமலே வைத்திருந்த டயரும் புதுசு என்று நம்பக் கூடாது. ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது என்று பொருள். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது மாட்டத் தகுந்ததல்ல. ஐந்து சக்கரத்தையும் சுழற்சியில் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. டயரை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் ஒரு மூலைக்குக் கொண்டுவந்து, அங்கே ஓடியதை அடியில் மாட்டினால் ஐந்தும் ஒன்றுபோலத் தேயும்.

மாற்றுகிற முறை நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன். ஏரிக்கரைப் பாதையிலும் வயல் ஓரத்திலும் களிமண். லோடு வண்டிக்கு ஜாக்கி போட்டால் வண்டி மேலே போகாது, ஜாக்கி கீழே போகும்! அடியில் வைக்க ஒன்றரை அடிப் பலகை ஒன்று வண்டியிலேயே கிடக்க வேண்டும். எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டபின்தான் தூக்க வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கியபின் தம் கட்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது அப்பாவின் பழக்கம். ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும், கால்மேல் உட்காராது. ஐந்தாவது வரை படித்த அப்பா எந்தப் புத்தகமும் இல்லாமல் கற்றது இது. நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் இதே சட்டம் என்று சொல்லவில்லை. பாண்டி டவுனுக்குள்ளேயே பகலில் தண்ணீர் கேன் போடும் வண்டி, ட்யூப்லெஸ் டயர், தெருமுனைக்கு ஒரு பஞ்சர் கடை என்றால் ஸ்டெப்னியைக் கடையிலேயே வைத்துவிட்டு ஓடலாம். சூளைக்கும் களத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் அப்படியே. ஆனால் அதே வண்டி என்றைக்காவது மதகடிப்பட்டுச் சந்தைக்கு மாடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஸ்டெப்னி ஏறிய பிறகுதான் மாடு ஏற வேண்டும். வழியில் கண்டமங்கலம் தமிழ்நாடு, தாண்டினால் மறுபடி நம் மாநிலம். பஞ்சர் எந்த மாநிலத்தில் ஆகும் என்று யார் கண்டது?

அப்பா நான் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டெப்னி மறுபடி வண்டிக்கு அடியில் ஏறிவிட்டது. சங்கிலியும் பூட்டும் வாங்கியாகிவிட்டது. வால்வு கீழ்ப்பக்கம் பார்த்தபடி மாட்டி, போல்ட்டில் கிரீஸ் தடவியது நான். மொட்டையை மாற்றத்தான் இன்னும் காசு ஒதுக்கவில்லை. ஒரு டயர் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. "அடுத்த அறுவடைக்குப் பாக்கலாம்" என்கிறார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்போம். இந்த வருடம் ஸ்டெப்னியையும் இறக்கி, கழுவி, காற்றுப் பார்த்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவதாக ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார்.